ஒரு வசனம், நான்கு கருவிகள்: சங்கீதம் 23:4-ஐ எபிரேயத்தில் படித்த அனுபவம்

"மூல பாஷையில் இதற்கு அர்த்தம் என்னவென்றால்" என்ற தொடக்கம் நம் சபைகளில் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. அதைத் தொடர்ந்து வரும் விளக்கத்துக்குப் பெரும்பாலும் ஸ்ட்ராங் எண் அகராதியே ஆதாரம். முன்பு அது தலையணை அளவுப் புத்தகம். இப்போது எல்லோருடைய கைப்பேசியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. புளூ லெட்டர் பைபிள், பைபிள் ஹப், ஸ்டெப் பைபிள், செஃபாரியா ஆகிய நான்கு வேதாகம ஆய்வுக் கருவிகளையும் நான் சில ஆண்டுகளாக மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். எல்லாவற்றையும் சோதித்தது ஒரே ஒரு வசனத்தில். இத்தனை காலத்துக்குப் பிறகு என் தீர்ப்பு இது: இந்தக் கருவிகளில் எல்லோரும் முதலில் தட்டிப் பார்க்கும் "சொற்பொருள்" பகுதிதான் ஆகப் பலவீனமானது. அதே சொல் வேதாகமத்தில் வேறு எங்கெங்கே வருகிறது என்று காட்டும் பட்டியலை மிகச் சிலரே திறக்கிறார்கள். உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது.

வசனம் எல்லோருக்கும் மனப்பாடமானது. பழைய திருப்புதல் என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர், உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்." 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு "சாவின் இருள்சூழ் பள்ளத்தாக்கில்" என்றும், "கோலும் நெடுங்கழியும்" என்றும் சொல்கிறது. மனப்பாடமான வசனத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. தெரிந்த வரி என்பதால் எந்தக் கருவி புதிதாக எதையாவது காட்டுகிறது, எது சும்மா மினுக்குகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

முதலில் ஸ்ட்ராங். அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட இந்தத் தொகுப்பு, 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இருக்கும் எபிரேய அல்லது கிரேக்கச் சொல்லுக்கு ஓர் எண் கொடுத்தார். எபிரேய எழுத்தே தெரியாதவரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலச் சொல்லுக்குப் போய்விடலாம். அந்தக் காலத்துக்கு இது அசாத்தியமான உழைப்பு. நான் பயன்படுத்தும் கருவிகளில் தமிழ் வசனத்திலிருந்து நேரே எண்ணுக்குப் போக வழியில்லாததால், ஒவ்வொரு முறையும் ஆங்கிலம் வழியாகத்தான் சுற்றிப் போகிறேன்.

"மரண இருள்" என்பதன் எண் 6757, சொல் "ட்ஸல்மாவெத்". ட்ஸேல் என்றால் நிழல், மாவெத் என்றால் மரணம். ஸ்ட்ராங்கின் குறிப்பும் "மரண நிழல், அதாவது கல்லறை, உருவகமாகப் பேரிடர்" என்ற அளவில் முடிந்துவிடுகிறது. நிறையப் பேர் இந்த இடத்தில் செயலியை மூடிவிட்டுப் பிரசங்கம் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். "நிழல் இருக்கிறதென்றால் ஒளியும் இருக்கிறதல்லவா, நிழல் நம்மைக் கடிக்குமா" என்ற விளக்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது.

அந்த எண்ணுக்கான வசனப் பட்டியலைத் திறந்தால் கதை மாறுகிறது. இந்தச் சொல் எபிரேய வேதாகமத்தில் 18 முறை வருகிறது. அதில் 10 யோபுவில் மட்டும். சங்கீதங்களில் நான்கு. ஏசாயா, ஆமோஸ் இரண்டிலும் ஒவ்வொன்று, எரேமியாவில் இரண்டு. பதினெட்டையும் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். யோபு 28:3-இல் சுரங்கத்துக்குள் இறங்கி இருட்டில் கல்லைத் தேடுகிறார்கள். அங்கே சாவைப் பற்றிய பேச்சே இல்லை. யோபு 34:22-இல் அக்கிரமக்காரர் ஒளிந்துகொள்ள அப்படிப்பட்ட இருள் கிடையாது என்கிறார் எலிகூ. ஆமோஸ் 5:8-இல் கடவுள் அதை விடியற்காலமாக மாற்றுகிறவர். விடியலாக மாறுவது இரவின் இருட்டு. எரேமியா 2:6-இல் அது வறண்ட வனாந்தரத்தின் தன்மை. மறுபக்கம், யோபு 38:17-இல் "மரணவாசல்கள்" என்பதோடு இணையாக இதே சொல்லின் வாசல்கள் வருகின்றன. அங்கே சாவின் வாடை தெளிவாக அடிக்கிறது. மொத்தத்தில் பெரும்பாலான இடங்களில் இதன் முதற்பொருள் கும்மிருட்டு. மரணம் சில இடங்களில் மட்டுமே கூட வருகிறது. "நிழல்" என்ற மென்மையான பொருள் பொருந்தும் இடத்தைப் பதினெட்டிலும் நான் காணவில்லை.

அறிஞர்கள் இதை நீண்ட காலமாக விவாதித்து வருகிறார்கள். பழைய எபிரேய எழுத்தில் மெய்யெழுத்துகளே முதன்மை. உயிர்க்குறிகளை மசோரெத்தியர் என்ற யூத அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்த்தார்கள். அந்தக் குறிகளோடு முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கைப்பிரதி, 1008-ஐ ஒட்டி எழுதப்பட்ட லெனின்கிராட் சுவடி. நாம் செயலியில் பார்க்கும் எபிரேயப் பாடம் பெரும்பாலும் அதிலிருந்து வருவதே. இந்தச் சொல்லின் மெய்களை வேறு உயிர்களோடு வாசித்தால் "ட்ஸல்மூத்", அதாவது வெறும் "இருள்" என்று ஆகும். அரபியிலும் அக்காதியத்திலும் இருட்டு, கருமை குறிக்கும் உறவுச் சொற்கள் இதற்குத் துணை. எதிர்த் தரப்பிலும் வலு இருக்கிறது: உயிர்க்குறிகள் வருவதற்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த், "மரணத்தின் நிழல்" என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு தரப்பு, "மரணம்" என்ற பகுதி மிகுதியைக் காட்டுவதற்கு மட்டுமே என்கிறது. தமிழருக்கு இதைப் புரியவைக்க மெனக்கெட வேண்டாம். கொலைப்பட்டினி என்று நாம் சொல்லும்போது அங்கே யாரும் யாரையும் கொல்லவில்லையே.

இந்த விவாதம் முழுவதும் நவீன ஆய்வாளர்களின் வேலை என்று நினைப்பவர்களுக்காகத்தான் செஃபாரியாவைப் பரிந்துரைக்கிறேன். யூத நூல்களுக்கான இந்த இலவசத் தளத்தில் வசனத்தைத் தொட்டால் அதற்கான பழைய உரைகள் பக்கத்தில் விரியும். பிரான்சில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷியின் உரையைத் திறந்தேன். இருளின் தேசம் என்கிறார். தாவீது சவுலுக்குத் தப்பி ஒளிந்த சீப் வனாந்தரத்தைக் குறிக்கிறது என்கிறார். இந்தச் சொல் எங்கே வந்தாலும் இருளையே சுட்டும் என்று பத்தாம் நூற்றாண்டு இலக்கணக்காரர் துனாஷ் பென் லாப்ராத் சொன்னதாகவும் குறிப்பிடுகிறார். மூன்றே வரி. நம் ஊர் உரையாசிரியர்களை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கனம் உடனே பிடித்துப்போகும். உரைகளின் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் என்பதும், எல்லா உரைகளும் மொழிபெயர்க்கப்படவில்லை என்பதும் குறை.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தமிழுக்குத் திரும்பும்போது பழைய திருப்புதல்மேல் மரியாதை கூடுகிறது. ஆங்கிலத்தில் நிழல் என்று இருந்தும், தமிழில் "மரண இருள்" என்று வைத்தார்கள். யோபுவிலும் ஆமோஸிலும் ஏசாயாவிலும் அதே சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள். திருவிவிலியம் இங்கே "இருள்" என்று சொல்லிவிட்டு ஏசாயா 9:2-இல் "சாவின் நிழல்" என்று போகிறது. வெயில் காயும் நிலத்தில் நிழல் ஒரு வரம். எபிரேயத்திலும் அப்படியே: "கர்த்தர் உன் வலதுபக்கத்திலே உனக்கு நிழலாயிருக்கிறார்" என்கிறது 121-ஆம் சங்கீதம். அச்சமூட்டும் நிழல் தமிழ்க் காதுக்கும் ஒட்டாது.

பள்ளத்தாக்குக்கு எபிரேயத்தில் பல சொற்கள். இங்கே வருவது "கய்", இடுக்கான பள்ளம். "ஏமெக்" அகன்ற சமவெளிப் பள்ளத்தாக்கு. "நஹல்" மழைக்காலத்தில் ஓடும் ஓடை. தாவீதும் கோலியாத்தும் மோதும் 1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தில் மூன்றும் வருகின்றன: இஸ்ரவேலர் பாளயமிறங்குவது ஏமெக், இரு படைகளுக்கும் நடுவில் இருப்பது கய், ஐந்து கூழாங்கல் பொறுக்கியது நஹல். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் வாதி கெல்ட் என்ற செங்குத்தான இடுக்கைக் காட்டி, "சங்கீதம் சொன்ன பள்ளத்தாக்கு இதுதான்" என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. ஆதாரம் கிடையாது, ஆனால் கய் என்ற சொல் எந்த மாதிரி இடத்தைச் சொல்கிறது என்று புரிந்துகொள்ள அந்த இடத்தின் ஒரு படம் போதும்.

கோல், தடி இரண்டிலும்தான் கருவிகள் என்னை அதிகம் சோதித்தன. கோலுக்கு எபிரேயத்தில் "ஷேவெத்", எண் 7626. தேடினால் நூற்றுக்கு மேற்பட்ட வசனங்கள் கொட்டுகின்றன. பெரும்பாலானவை கோத்திரத்தைப் பற்றியவை. கோலுக்கும் கோத்திரத்துக்கும் ஒரே சொல், ஆகவே ஒரே எண். குப்பையை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் சுவாரசியம். லேவியராகமம் 27:32-இல் ஆடுகள் எண்ணப்படுவது இந்தக் கோலின்கீழ். நீதிமொழிகள் 13:24-இல் பிள்ளையைத் திருத்தும் பிரம்பு இது. சங்கீதம் 2:9-இல் நொறுக்கும் இருப்புக்கோல். 45:6-இல் அரசனின் செங்கோல். அந்தக் கடைசி இடத்தில் எபிரேயம் சொல்வது "நேர்மையின் கோல்", சரியாகத் திருக்குறள் செங்கோன்மை என்று தலைப்பிட்டுப் பேசும் அதே செம்மை. ஆங்கிலத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் தேவைப்படும் இடத்தில் தமிழ்க் "கோல்" எபிரேயத்துக்கு வெகு அருகில் நிற்கிறது.

"தடி"யில் நிலைமை வேறு. எபிரேயத்தில் "மிஷ்எனெத்", சாய்வது என்ற வேரிலிருந்து வருவது. யாத்திராகமம் 21:19-இல் அடிபட்டுப் படுத்தவன் எழுந்து ஊன்றி நடப்பது இதை. சகரியா 8:4-இல் முதியவர்கள் கையில் இருப்பதும் இதுவே. பழைய திருப்புதலே யாத்திராகமத்தில் "ஊன்றுகோல்" என்று அழகாகச் சொல்கிறது. சங்கீதத்தில் "தடி" என்று விட்டதால், தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் என்று கேட்டுப் பழகிய நமக்கு இரண்டும் அடிக்கிற கருவிகளாகவே தோன்றுகின்றன. ஒன்று ஓங்குவது, மற்றது சாய்ந்துகொள்வது. ராஷியும் இரண்டையும் பிரித்தே வாசிக்கிறார்: கோல் தனக்கு வந்த துன்பங்கள், ஊன்றுகோல் தான் சாய்ந்துகொள்ளும் தயவு.

எண் அகராதியின் மிகப் பெரிய ஆபத்து கடைசிச் சொல்லில் இருக்கிறது. "தேற்றும்" என்பதற்கான வேர் "நாஹம்", எண் 5162. ஸ்ட்ராங்கைத் திறந்தால் பெருமூச்சு விடுதல், வருந்துதல், இரங்குதல், ஆறுதல் சொல்லுதல், பழிவாங்குதல் என்று ஒரு சந்தையே கூடியிருக்கிறது. ஆதியாகமம் 6:6-இல் கர்த்தர் "மனஸ்தாபப்பட்டார்" என்பதும் இதே எண்தான். "ஆகவே கோலும் தடியும் கடவுளின் மனஸ்தாபத்தைக் காட்டுகின்றன" என்று ஒருவர் விளக்கியதை நானே கேட்டிருக்கிறேன். எபிரேய வினைக்குப் பல வடிவங்கள் உண்டு. ஆதியாகமத்தில் வருந்துதலைச் சொல்வது நிஃபல் என்ற வடிவம், சங்கீதத்தில் தேற்றுவதைச் சொல்வது பியேல் என்ற வடிவம். தமிழில் தேறினான், தேற்றினான் இரண்டும் ஒரே வேர் என்பதால் யாரும் ஒன்றை மற்றதாக வாசிப்பதில்லை அல்லவா? எண் வேரை மட்டும் காட்டுகிறது, வடிவத்தை மறைக்கிறது. பைபிள் ஹப்பின் வரியிடைப் பாடத்திலும் ஸ்டெப் பைபிளிலும் ஒவ்வொரு சொல்லோடும் வடிவக் குறிப்பு இருக்கிறது. அதைப் பார்க்காமல் எந்த வினைச்சொல்லின் பொருளையும் முடிவு செய்யாதீர்கள்.

எந்த அகராதியும் காட்டாத ஒன்றும் இந்த வசனத்தில் உண்டு. முதல் மூன்று வசனங்களில் "அவர்" என்று பேசிய சங்கீதக்காரன், பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் முன்னிலைக்கு மாறுகிறான். எபிரேயத்தில் "அத்தா", மரியாதைப் பன்மை எதுவுமில்லாத வெறும் "நீ". பழைய திருப்புதலின் "தேவரீர்" அந்த நெருக்கத்தைச் சற்றுத் தள்ளி நிறுத்துகிறது. தேவாரத்தில் "நீ" என்று இறைவனை அழைத்த மொழி, இங்கே ஏன் தயங்கியது என்று சில சமயம் தோன்றும்.

பயன்பாட்டுச் சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் எபிரேய உயிர்க்குறிகள் எறும்பு போலத் தெரியும், கணினியே நல்லது. எபிரேயம் வலமிருந்து இடமாகப் போவதால், தமிழ் ஆவணத்தில் ஒட்டினால் சொற்கள் வரிசை மாறிக் குழம்பும். வசன எண்களும் பல இடங்களில் ஒத்துப்போகா: தமிழில் சங்கீதம் 44:19 எபிரேயத்தில் 44:20, ஏசாயா 9:2 அங்கே 9:1. குறிப்பு எழுதி வைக்க வசதி தந்த ஒரு செயலி (இந்த நான்கில் இல்லை) புதுப்பிப்பின்போது என் குறிப்புகள் அத்தனையையும் விழுங்கிவிட்டது. அதன்பின் கோடு போட்ட நோட்டுப்புத்தகம்தான். ஸ்டெப் பைபிளைக் கணினியில் இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்கிறது, அதனால் அன்றாடம் அதையே திறக்கிறேன். புளூ லெட்டர் பைபிளில் உச்சரிப்பைக் கேட்கும் வசதி உண்டு. அதற்காக மட்டும் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு காலைப் பிரசங்கத்துக்குச் சனி இரவு விஷயம் தேடுகிறவர்களுக்கு இந்த முறை சரிப்படாது. பதினெட்டு இடங்களையும் முன்பின் வாசித்துப் பார்க்கப் பொறுமை வேண்டும். எபிரேய எழுத்துகள் 22-ஐயாவது கற்றுக்கொண்டால் வேகம் கூடும். அதற்குச் சில வாரங்கள் போதும். பணச் செலவு எதுவும் இல்லை. தமிழ்ச் சொல்லைத் தொட்டால் எபிரேயப் பட்டியல் விரியும் ஒரு கருவி கையில் இருந்தால், நான் ஆங்கிலம் வழியாகச் சுற்றும் நேரத்தில் பாதி மிச்சமாகும்.