சிபிலைச் சரிசெய்கிறோம் என்று 32,000 வாங்கினார்கள், கோர்ட்டில் எனக்காக ஒருவரும் நிற்கவில்லை

இன்று மதியம்தான் தெரிந்தது, என் மேல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது என் தரப்பில் யாரும் ஆஜராகாததால் ஒருதலையாகத் தீர்ப்பு, ஆகிவிட்டது. ஆறவே இல்லை, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை; போட்டால் அதற்கும் என் மேல் ஒரு கேஸ் வரும். கடனிலிருந்து விடுதலை என்று ரீல்ஸில் விளம்பரம் ஓட்டும் லோன் செட்டில்மெண்ட் கம்பெனி. அவ்வளவு போதும்.

துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் வாங்க எடுத்த பர்சனல் லோன். ஜாப் ஒர்க் படுத்ததும் இஎம்ஐ தவறியது, வங்கி சிவில் கோர்ட்டுக்குப் போனது. சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் இவர்களிடம் பேசினேன். அந்தப் பெண் அவ்வளவு பதமாகப் பேசினாள். “அண்ணா, நீங்க கோர்ட் வாசப்படியே மிதிக்க வேணாம். எங்க வக்கீல் ஆஜராவார். கேஸ் முடிஞ்சதும் சிபில்ல இருந்தே தூக்கிடுவோம்.” சிபில் என்றால் நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம். எனக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன், ஜிபேயில் 32,000 அனுப்பினேன். சம்மனைப் படமெடுத்துப் போட்டதற்கு வந்த பதில்: “பார்த்தாச்சு அண்ணா, நிம்மதியா தூங்குங்க.”

நிம்மதியாகத்தான் தூங்கினேன்.

வாய்தா எப்போது என்று கேட்டால் வக்கீல் கோர்ட்டில் இருக்கிறார் என்பார்கள். அப்புறம் டீம் லீடர் மாறிவிட்டார். அப்புறம் “டிக்கெட் ரைஸ் பண்ணுங்க சார்”. பணம் வாங்கும்வரை அண்ணா, வாங்கியபின் சார்! இன்று ஈகோர்ட்ஸ் ஆப்பில் கேஸின் அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணைப் போட்டு நானே பார்த்தேன். எனக்கான வக்கீல் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. வக்காலத்து கோர்ட்டுக்கே போகவில்லை. போன் போட்டால், “நாங்க ஆலோசனை மட்டும்தான், அக்ரிமெண்டைப் படிங்க” என்கிறான் ஒருவன். 32,000 ரூபாய்க்கு ஆலோசனை!

தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னபிறகுதான் விஷயமே புரிந்தது. கோர்ட் தன் தீர்ப்பை சிபிலுக்கு அனுப்புவதில்லை. கடன் கொடுத்த வங்கிதான் அந்தக் கணக்கில் ‘சூட் ஃபைல்டு’ (வழக்கு போடப்பட்டது) என்று ஏற்றுகிறது, மாற்றவும் அந்த வங்கிதான் சொல்ல வேண்டும். நடுவில் எந்த ஏஜெண்டாலும் அதைத் தூக்க முடியாது. பேசிக் குறைத்துக் கட்டினால் ‘செட்டில்டு’ என்று நிற்கும், அதைப் பார்த்து அடுத்த வங்கி முகம் சுளிக்கும். முழுதும் கட்டினால்தான் ‘குளோஸ்டு’. டிக்ரியோ 12 வருடம்வரை நிறைவேற்றக்கூடியது. இதையெல்லாம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சம்மன் வந்தால் நீங்களே போய் நில்லுங்கள். எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால் டிக்ரி தேதியிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனு போடலாம், என் மனு நாளை தயாராகிறது. கடன் வரலாறு வைத்திருக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்குமே வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். அதில் தப்பிருந்தால் புகார் கொடுக்கவும் காசு இல்லை. 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய், அந்த நிறுவனமோ வங்கியோ, தாமதம் செய்தவர்கள்தான் நமக்குத் தர வேண்டும்.

அந்த ரீல்ஸ் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் பணம் அனுப்பிவிடாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அவர்களோடு பேசிய சாட் மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். என் 32,000க்கு நானும் அங்கேதான் புகார் கொடுத்திருக்கிறேன்.