ஐந்து ஆண்டுகளாக நான் பயன்படுத்தும் உசாத்துணை மென்பொருள்: தோழியின் கேள்விக்கு ஒரு பதில்

ஒரு கேள்வி பற்றி வெளியான ஆய்வுகளையெல்லாம் வகுத்த முறைப்படி தேடித் தொகுக்கும் முறைசார் இலக்கிய மீளாய்வுக்கு, நான் 5 ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் சொட்டேரோ (Zotero) என்ற இலவச உசாத்துணை மென்பொருளை நம்பலாமா என்று, ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்திருக்கும் தோழி ஒருத்தி கடந்த வாரம் வெள்ளவத்தையில் கேட்டாள். அங்கே அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

கட்டுரைகளைச் சேகரிப்பதிலும் மேற்கோள் நடையை மாற்றுவதிலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இன்றுவரை உறுத்துவது, இரட்டைப் பதிவுகளைக் கண்டறியும் வசதி ஒன்றுதான். பப்மெட், ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்கள், இலங்கைச் சஞ்சிகைகளின் இணையத் தொகுப்பு ஆகிய மூன்றிலும் தேடினால் ஒரே கட்டுரை இரண்டு மூன்று தடவை வந்து சேரும். மென்பொருள் முதலில் தலைப்பையும், ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக வழங்கப்படும் அடையாளமான டிஓஐ எண்ணையும் ஒப்பிடுகிறது. பின்னர், வெளியான ஆண்டுகள் ஒன்றுக்கு மேல் விலகாமல் இருக்கின்றனவா என்றும், ஓர் ஆசிரியருடைய குடும்பப் பெயரும் முதலெழுத்துமாவது பொருந்துகின்றனவா என்றும் பார்க்கிறது. குடும்பப் பெயர் எல்லாருக்கும் உண்டு என்று எண்ணி எழுதிய விதி இது. நம்மிடம் இருப்பதோ தந்தையின் பெயரும் தன் பெயரும் மட்டுமே.

சக ஆய்வாளர் ஒருவருடன் நான் எழுதிய கட்டுரையே இதற்குச் சாட்சி. ஒரு பதிவில் என் பெயர் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் இருந்தது. டிஓஐ இல்லாத மற்றப் பதிவில் அப்பாவின் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறி, என் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருந்தது. சக ஆய்வாளருடைய பெயரும் அவ்வாறே புரண்டிருந்தது. தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் இரட்டைப் பட்டியலில் அவை தோன்றவில்லை. என் கட்டுரையாக இல்லாவிட்டால் நானும் கவனித்திருக்க மாட்டேன். அன்றிரவே முழுத் தொகுப்பையும் கண்ணால் பார்த்து, இப்படித் தப்பியிருந்த 9 சோடிகளைப் பிடித்தேன்.

இது சிறிய விடயமன்று. இத்தகைய மீளாய்வுகளை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 வழிகாட்டியின் பாய்வு வரைபடத்தில், தெரிவுக்கு முன்னர் நீக்கிய இரட்டைப் பதிவுகளின் எண்ணிக்கையைத் தனியே காட்ட வேண்டும். அது பிழைத்தால் கீழே வரும் எண்களும் பிழைக்கும். ஒரே ஆய்வின் நோயாளர்கள் இரு தடவை எண்ணப்பட்டால் பல ஆய்வுகளின் எண்களை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் மெட்டா பகுப்பாய்வின் முடிவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஆனால் என்னைப் பெரிய தவறொன்றிலிருந்து காத்ததும் இதே மென்பொருள்தான். வெளியான பின் சஞ்சிகைகள் மீளப் பெற்ற கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்சன் வாட்ச் தரவுத்தளத்துடன் அது இணைந்திருக்கிறது. ஒருநாள் காலையில் திறந்தபோது, நான் ஏற்றுக்கொண்டு தரவையும் பிரித்தெடுத்துவிட்ட கட்டுரை ஒன்றின் மேல், அது மீளப் பெறப்பட்டுவிட்டதென்ற எச்சரிக்கை நின்றது. நான் தேடாமலே வந்த செய்தி அது. அன்று எனக்கு உண்டான நன்றியுணர்வு இன்னும் குறையவில்லை.

இருந்தும் தோழிக்கு என் பதில், மீளாய்வுக்கு இதை நம்ப வேண்டாம் என்பதே. நம் பெயர்களைச் சரியாகப் படிக்காத ஒரு கருவியிடம் நம் நாட்டு ஆய்வுகளை எண்ணக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே தொடங்கிவிட்டாளெனில், ஒவ்வொரு தரவுத்தளத்திலிருந்தும் எத்தனை பதிவுகள் வந்தன என்பதை இணைப்பதற்கு முன்பே தாளில் குறித்துக்கொள்ளட்டும். பிறகு பட்டியலைத் தலைப்பு வரிசையில் அடுக்கி, முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை தன் கண்ணாலேயே பார்த்துவிடட்டும்.