எழுபதாயிரத்தில் ஒரு கேமிங் கணினி: எதோடு எது சேரும்?

அக்கா மகன் ஒரு தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தான். ஏஎம்டி-யின் ரைசன் 5 5600ஜி பிராசசர், ஏ520 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக, 500 ஜிபி எஸ்எஸ்டி, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி கேபினட்டோடு இலவசம். கிராபிக்ஸ் கார்டுக்கு எதிரே மட்டும் 'பிறகு' என்று இருந்தது. கையில் இருப்பது 45,000 ரூபாய். அக்கா போட்டிருக்கும் சீட்டை மூன்று மாதத்தில் எடுத்தால் இன்னும் 25,000 வரும். முழு எச்டி மானிட்டர் வீட்டிலேயே இருக்கிறது.

"இதில் என்ன தப்பு மாமா? ஒவ்வொன்றையும் நன்றாகப் பார்த்துத்தான் எழுதினேன்" என்றான்.

ஒவ்வொன்றாகப் பார்த்ததுதான் தப்பு. பெண்ணின் ஜாதகத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பொருத்தம் பார்ப்பதில்லை. கணினியிலும் எந்தப் பாகமும் பக்கத்தில் இருப்பது அனுமதிக்கும் அளவுக்குத்தான் வேலை செய்யும். அதனால் பாகத்துக்குப் பாகம் என்று ஒப்பிடாமல், ஜோடிக்கு ஜோடி ஒப்பிட்டுப் பார்த்தோம்.

கார்டு பிறகு என்றால், இன்று எந்த பிராசசர்?

5600ஜி-யின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ். தனிக் கார்டு இல்லாமலே வாலரண்ட் விளையாட்டு தாராளமாக ஓடும். ஜிடிஏ 5-ஐயும் அமைப்புகளைக் குறைத்து ஓட்டலாம். கார்டே வாங்கப்போவதில்லை என்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இவன் கார்டு வாங்கப்போகிறவன். அந்த நாளில்தான் 5600ஜி-யின் குறைகள் வெளியே வரும். ஜி இல்லாத 5600 என்று இன்னொன்று உண்டு; பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், உள்ளே இருப்பது வேறு சில்லு. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான மூன்றாம் நிலை கேஷ் 5600-இல் 32 எம்பி. 5600ஜி-யில் 16 எம்பி. விளையாட்டுகளுக்கு இந்தக் கேஷ் மிக முக்கியம். அதோடு, கார்டோடு பேசும் பாதையான பிசிஐஇ-யில் 5600 4.0 பேசும், 5600ஜி 3.0-ஓடு நின்றுவிடும். 5600ஜி-யின் இதே சில்லில் கிராபிக்ஸை அணைத்துவிட்டு 2022-இல் ரைசன் 5 5500 என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். 5500-க்கும் 5600-க்கும் இடையே நூறுதான் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

சரி, 5600-ஐ வாங்கலாம் என்றால் அதில் கிராபிக்ஸே இல்லை. மூன்று மாதம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலும் அவன் எழுதியிருந்த ஏ520 போர்டு பிசிஐஇ 4.0 தராது. 5600-க்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் ஒரு பகுதியை அந்தப் போர்டு விழுங்கிவிடும். ஏஎம்டி பக்கம் 4.0 வேண்டுமானால் பி550-க்குப் போக வேண்டும்.

இங்கேதான் இன்டெல் பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒரு ஜோடி முன்னுக்கு வருகிறது: கோர் ஐ5-12400, எச்610 போர்டு. பின்னால் 'எஃப்' இல்லாத 12400. எஃப் இருந்தால் கிராபிக்ஸ் கிடையாது. இதன் யூஎச்டி 730 கிராபிக்ஸ் வேகா 7-க்கு முன்னால் நோஞ்சான்தான், வாலரண்டைக் குறைந்த அமைப்புகளில் ஓட்டும், அவ்வளவுதான். ஆனால் கார்டு வரும் நாளில் எதையும் கழற்றி எறிய வேண்டியதில்லை. இன்டெலின் மலிவான எச்610 போர்டுகூட கார்டு ஸ்லாட்டில் பிசிஐஇ 4.0 தருகிறது. தனிக் கார்டோடு விளையாடும்போது 12400-உம் 5600-உம் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் முந்தும், அது கொஞ்சம் முந்தும்.

எச்610-இன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ரேமுக்கு இரண்டே ஸ்லாட். எஸ்எஸ்டி ஸ்லாட் பெரும்பாலும் பிசிஐஇ 3.0, ஆனால் நொடிக்கு 3,500 எம்பி வேகத்துக்கும் 7,000-க்கும் உள்ள வித்தியாசம் விளையாட்டு திறக்கும் நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. பழைய தலைமுறை டிடிஆர்4 ரேமுக்கு ஒரு எச்610, புதிய டிடிஆர்5-க்கு இன்னொரு எச்610 என்று இரண்டு வகை விற்கின்றன. பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும்.

நாளைக்கு மேம்படுத்தலாமே என்ற வாதம் இரண்டு பக்கமும் பலவீனமானது. 5600 அமரும் ஏஎம்4 தளத்தின் கடைசி நல்ல பரிசான 5700எக்ஸ்3டி பிராசசர் இப்போது கடைகளில் அரிது. 12400 அமரும் இன்டெலின் இந்த சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்தது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வேறு சாக்கெட். பின்னாளில் பழைய 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7 மலிவாகக் கிடைத்தாலும், 2024-இல் அவற்றில் வெளிப்பட்ட மின்னழுத்தக் கோளாறை நினைவில் வைத்து, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பிறகே மாட்ட வேண்டும். 12400-க்கு அந்தச் சிக்கல் இல்லை.

உண்மையில் எதிர்காலம் உள்ள தளம் ஏஎம்டி-யின் அடுத்த தளமான ஏஎம்5. 2027 வரையாவது அதற்கு ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஓராண்டுக்கு முன்பு கேட்டிருந்தால் பணத்தைப் புரட்டி ரைசன் 5 7600 வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் ஏஎம்5-க்கு டிடிஆர்5 ரேம்தான் சேரும். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கியதும் டிடிஆர்5 விலை சில மாதங்களில் இரு மடங்கையும் தாண்டியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனமே குருஷியல் என்ற பெயரிலான சில்லறை வியாபாரத்தை மூடப்போவதாக அறிவித்தது. டிடிஆர்4-உம் ஏறத்தான் செய்தது, ஆனால் மொத்தக் கணக்கு 70,000 ரூபாய்க்குள் அடங்கியது. காத்திருந்தால் விலை குறையும் என்ற பழைய கணக்கு ரேமைப் பொறுத்தவரை இப்போது செல்லாது. ரேமை இன்றே வாங்கிவிடு என்றேன்.

அதுவும் 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக. ஒரே குச்சி என்றால் ஒரு தடத்தில்தான் தரவு போய்வரும். உள்கட்டிய கிராபிக்ஸ் தன் நினைவகத்தையும் ரேமிலிருந்தே எடுப்பதால் அடி அதற்குத்தான் பலமாக விழும். அவன் எழுதிய 5600ஜி, ஒற்றைக் குச்சி என்ற ஜோடிதான் அந்தப் பட்டியலிலேயே மோசமான பொருத்தம்.

மூன்று மாதம் கழித்து: எந்தக் கார்டு?

சீட்டுப் பணத்தை ஒட்டி மூன்று பெயர்கள் போட்டியிட்டன.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்றால் எந்த 3050 என்று கேட்க வேண்டும். 2022-இல் வந்தது 8 ஜிபி நினைவகம், அதற்கு 128 பிட் பாதை, 130 வாட். 2024-இல் அதே பெயரில் வந்தது 6 ஜிபி, 96 பிட், 70 வாட்; கணக்கிடும் கூடா கோர்களும் 2,560-லிருந்து 2,304-ஆகக் குறைந்தன. கடைகளில் இப்போது அதிகம் தொங்குவது இந்தச் சின்ன 3050-தான். அதற்கென்று ஓர் இடம் உண்டு: தனி மின்கம்பி இல்லாமலே பெரும்பாலான மாடல்கள் ஓடுவதால், அலுவலகத்தில் கழித்த பழைய கணினியில் செருகுவதற்கு அதைவிட நல்ல கார்டு இல்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வேலை செய்பவருக்கும் என்விடியா கார்டு கைகொடுக்கும். விளையாட மட்டும் என்றால் எனக்கு அதில் நாட்டமில்லை.

ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6600 வயதான கார்டு, 2021 அக்டோபரில் வந்தது. ஆனாலும் 8 ஜிபி, 132 வாட், முழு எச்டியில் பெரிய 3050-ஐயே தெளிவாக முந்தும். இதற்கு எட்டு பிசிஐஇ தடங்கள் மட்டுமே, 4.0 ஸ்லாட்டில் அது போதும், 3.0-இல் கொஞ்சம் இழப்பு. இதே குடும்பத்தின் சின்னக் கார்டான ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு நான்கே தடம், 4 ஜிபி நினைவகம், அதை 3.0 போர்டில் மாட்டினால் மூச்சுத் திணறும். ஒரு கவலையும் உண்டு. 2025 அக்டோபர் கடைசியில் ஏஎம்டி இந்தத் தலைமுறைக் கார்டுகளை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தனிக் கிளையாக ஒதுக்கியது. கூச்சல் எழுந்த பிறகு, புதிய விளையாட்டுகளுக்கான ஆதரவு தொடரும் என்று விளக்கம் கொடுத்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இந்தக் கார்டை நம்பலாம் என்பது என் கணிப்பு.

மூன்றாவது இன்டெலின் ஆர்க் பி580. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபி, 192 பிட் என்று வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். தாளில் மூன்றிலும் இதுதான் பெரியது. ஆனால் பொருத்தம் பார்க்காமல் கட்டிவைத்தால் வீட்டில் சண்டைதான். கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி பயாஸில் திறந்திருந்தே ஆக வேண்டும். இதன் டிரைவர் பிராசசரிடம் அதிக வேலை வாங்குகிறது என்பது 2025 தொடக்கத்தில் வெளிப்பட்டது; விமர்சகர்கள் தங்கள் விலை உயர்ந்த பிராசசர்களோடு சோதித்தபோது தெரியாத தொய்வு, ரைசன் 5 5600 போன்றவற்றோடு சேர்த்தபோது சில விளையாட்டுகளில் தெரிந்தது. பின்னால் வந்த டிரைவர்கள் ஓரளவு சரிசெய்தன. மலிவுக் கார்டு விலை உயர்ந்த பிராசசரைக் கேட்பது வேடிக்கைதான். 190 வாட் என்பதையும் சேர்த்து, இந்த ஜோடிக்கு வேண்டாம் என்று தள்ளினேன். விலையில் சீட்டுப் பணத்தைத் தாண்டவும் தாண்டியது.

பழைய கார்டு வாங்கலாமா என்றும் கேட்டான். பில்லும் மீதி வாரண்டியும் இருந்து, கண் முன்னால் ஓட்டிக் காட்டினால் வாங்கலாம். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

இலவச எஸ்எம்பிஎஸ்

இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். பல ஆண்டுகளுக்கு முன்பு கேபினட்டோடு வந்த ஓர் எஸ்எம்பிஎஸ், மின்சாரம் போய் வந்த ஒரு மாலையில் தானும் கருகி மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. பெட்டியில் 450 வாட் என்றுதான் போட்டிருந்தது. 80 பிளஸ் முத்திரை இருந்தால் போதும் என்பதும் அரைகுறை உண்மை. அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அளக்கிறது, உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கின்றனவா என்பதை அல்ல. ஐந்தாண்டு வாரண்டி தரும் 550 வாட், 80 பிளஸ் வெண்கலத் தர (பிரான்ஸ்) எஸ்எம்பிஎஸ் ஒன்றை எழுதச் சொன்னேன். 12400-உம் 6600-உம் சேர்ந்தாலும் அதில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டும்.

யூபிஎஸ் வாங்குபவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: சாதாரண 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட் வரைதான் தாங்கும். பேட்டரிக்கு மாறும்போது அது தரும் படிக்கட்டு அலை, சில நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கே ஒத்துவருவதில்லை. மின்சாரம் போனால் விளையாட்டைத் தொடர அல்ல, அணைக்கத்தான் யூபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் போதும்.

கேபினட்டில் முன்பக்கம் காற்று நுழைய வழி இருக்க வேண்டும், மற்றபடி அவன் இஷ்டம். கண்ணாடியும் வண்ண விளக்குமாக ஒன்றைப் பிடித்துவிட்டான்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை முழுக்க நடந்து வாங்கி, இரவே பூட்டினோம். சீட்டுப் பணம் வந்ததும் 6600-ஐ அவனே மாட்டினான். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். "கார்டு சரியில்லை மாமா. காற்றாடி சுற்றுகிறது, விளையாட்டு முன்பு போலவேதான் ஓடுகிறது."

"மானிட்டர் கேபிளை எதில் செருகியிருக்கிறாய்?"

சிறிது நேரம் பேச்சில்லை. மூன்று மாதமாக இருந்த அதே மதர்போர்டு துளையில்தான் இன்னும் இருந்தது.