கூகுள் டிரைவா, டிராப்பாக்ஸா?

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அம்மம்மாவின் பழைய படங்கள். 1995 இடப்பெயர்வில் இவற்றைப் பையோடு தூக்கிக்கொண்டு ஓடிய வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். சரி, இப்போது ஸ்கேன் செய்து எங்கே போடுவது?

இரண்டுமே கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் சேவைகள். கூகுள் டிரைவ் இலவசமாக 15 ஜிபி இடம் தருகிறது. ஆனால் ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் அதே 15 ஜிபியைத்தான் தின்னும். 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களும் கணக்கில் சேரும். நல்லூர்த் திருவிழா வீடியோக்களை அப்படியே விட்டால், ஒருநாள் நிரம்பி மின்னஞ்சல் வருவதே நின்றுவிடும்!

டிராப்பாக்ஸில் இலவசமாக வெறும் 2 ஜிபி, அதையும் போன், கணினி என மூன்று கருவிகளில்தான் இணைக்கலாம். ஆனால் பெரிய கோப்பைத் திருத்தினால் மாறிய பகுதியை மட்டும் ஏற்றும், டேட்டா மிச்சம்.

எங்கள் காணி உறுதி டிரைவில்தான் இருக்கிறது, கனடா அக்காவும் பார்க்கலாம். வீடியோக்கள் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கட்டும்.