ஃபுட்பால்ல யாரு பெஸ்ட், ஜப்பானா, தென் கொரியாவா?
வேர்ல்ட் கப்னு வந்தா கொரியாதான் சீனியர், 1954லயே போயிட்டாங்க (ஹங்கேரிகிட்ட 9-0 வாங்குனாங்க, அத விடுங்க), ஆனா 2002ல ஆன் ஜங்-ஹ்வான் எக்ஸ்ட்ரா டைம்ல தலையால முட்டி இத்தாலிய வீட்டுக்கு அனுப்பி, செமி வரைக்கும் போனாங்கல்ல, அது வேற லெவல். ஜப்பானுக்கு முதல் வேர்ல்ட் கப்பே 1998தான், 2022 வரைக்கும் ரவுண்ட் ஆஃப் 16 தாண்டல. ஆனா ஆசிய கப் 4 வச்சிருக்காங்க, கொரியாவுக்கு 1956, 1960 ரெண்டே ரெண்டுதான். அதுவும் 2022 வேர்ல்ட் கப்ல ஸ்பெயின் மேட்ச்ல பந்து கோட்டுக்கு வெளிய போயிருச்சுனு நினைச்சப்ப மிட்டோமா இழுத்துவிட்டு டனாகா கோல் போட்டாரே, அதுக்காகவே என் ஓட்டு ஜப்பானுக்கு.