காட்டோரக் குடியிருப்பு: கிண்டி, நன்மங்கலம், வண்டலூர் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சென்னைக்குப் புதிதாகக் குடிவருபவரிடம் “பின்னாடி பூரா காடு சார், காத்து பிச்சுக்கிட்டு வரும்” என்று புரோக்கர் சொன்னதும் பாதி முடிவு ஆகிவிடுகிறது. காற்று வருவது உண்மைதான். ஆனால் காட்டோரத்தில் ஐந்தாறு வருடம் குடியிருப்பவர்கள் கூடினால் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான் போகும்: மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, குழாய்த்தண்ணீர் எங்கிருந்து வருகிறது. இந்த இரண்டும் சரியாக அமைந்த தெருவில் காடு வரப்பிரசாதம். அமையாத தெருவில் ஜன்னலுக்கு வெளியே என்ன பசுமை இருந்தாலும் இரண்டாவது மழைக்காலத்தில் வீடு மாறத் தோன்றும்.

இருக்கிற இடங்கள் கொஞ்சம்தான். ஊருக்கு நடுவே கிண்டி தேசியப் பூங்கா, சுமார் 2.7 சதுர கி.மீ.; அதை ஒட்டி ஐ.ஐ.டி. வளாகமும் ஆளுநர் மாளிகையும். இதன் பயனை அனுபவிப்பவை கோட்டூர்புரம், அடையாறு காந்தி நகர், வேளச்சேரியின் வடபகுதி, தரமணி. தெற்கே கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் நன்மங்கலம் காப்புக்காடு, ஏறக்குறைய 320 ஹெக்டேர். கோவிலம்பாக்கம், நன்மங்கலம், வேங்கைவாசல் அதைச் சுற்றி. ஜி.எஸ்.டி. சாலையில் (தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் நெடுஞ்சாலை) வண்டலூர்: 602 ஹெக்டேரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, அதைச் சேர்ந்த காப்புக்காடு, சுற்றிலும் கொளப்பாக்கம், நெடுங்குன்றம், ஊரப்பாக்கம், பெருங்களத்தூர். பள்ளிக்கரணையையும் இந்தப் பட்டியலில் சேர்த்து விற்கிறார்கள். அது சதுப்புநிலம், 2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. அழகுதான், ஆனால் பெருங்குடி குப்பைக்கிடங்கும் அதே சதுப்பில்தான் இருக்கிறது. காற்று திரும்பும் நாளில் பால்கனிக் கதவைத் திறக்க முடியாது.

முதலில் ஒரு எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வது நல்லது. இவற்றில் எதற்குள்ளும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு நடைபோகப் போய்விட முடியாது. கிண்டியில் பொதுமக்களுக்குச் சிறுவர் பூங்கா மட்டும்தான். தேசியப் பூங்காவுக்குள் செல்ல வனத்துறை அனுமதி வேண்டும். ஐ.ஐ.டி. வளாகம் வெளியாருக்கு நடைபாதை இல்லை. நன்மங்கலத்திலும் அனுமதி வேண்டும். வண்டலூர் பூங்காவுக்கு டிக்கெட், செவ்வாய் விடுமுறை. ஆக, காட்டோர வீடு தருவது சுவருக்கு இந்தப் பக்கம் கிடைக்கும் சுகம்: சூரியன் இறங்கியதும் சீக்கிரம் குறையும் வெக்கை, பறவைகள், இரவில் வண்டிச் சத்தமில்லாத ஒரு திசை. நன்மங்கலம் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் கொம்பன் ஆந்தை உண்டு. மாலை மங்கும் நேரத்தில் மொட்டைமாடியில் நின்றால் குரல் கேட்க வாய்ப்பிருக்கிறது. தினமும் நடக்க இடம் வேண்டும் என்றால், பக்கத்தில் ஏரிக்கரை நடைபாதையோ மாநகராட்சிப் பூங்காவோ இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த கேள்வி, பின்னால் தெரிவது உண்மையில் காடுதானா என்பது. மனைப்பிரிவுக்குப் பின்னால் இருக்கும் பச்சை முழுக்கச் சீமைக்கருவேலமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது தரிசுப் பட்டா நிலம் அல்லது புறம்போக்கு, இன்னும் சில வருடத்தில் அங்கே ஒன்பது மாடி எழும். விராலி, காரை, சூரை, பனை என்று கலந்து நின்றால் பழைய புதர்க்காடாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் இணையவழி நிலப்பதிவு தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் ‘அ’ பதிவேடும் எல்லைகளைக் காட்டும் புலப்படமும் கிடைக்கும். வாங்கப்போகும் மனையின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவது எல்லோரும் செய்வது. புலப்படத்தில் எல்லையைச் சுற்றி உள்ள பக்கத்துப் புல எண்களைக் குறித்துக்கொண்டு அவற்றுக்கும் ‘அ’ பதிவேடு எடுங்கள். காப்புக்காடு, ஏரி, கழுவெளி (சதுப்பு நிலம்), மேய்க்கால் (மேய்ச்சல் புறம்போக்கு), ரயத்துவாரி (தனியார் பட்டா நிலம்) என்று வகைப்பாடு வந்துவிடும். பக்கத்து நிலம் ரயத்துவாரி என்றால் அந்தக் காட்சி உங்களுக்கு நிரந்தரமில்லை. மேய்க்கால், கழுவெளி என்று இருந்தால் உங்கள் மனையும் எப்போது, எதிலிருந்து பிரிந்தது என்று வக்கீலிடம் கேட்க வேண்டும்.

வில்லங்கச் சான்று இதற்கு உதவாது. அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும்; நிலத்தின் வகைப்பாடு வராது. முப்பது வருட வில்லங்கம் சுத்தமாக இருக்கிற மனை கழுவெளியில் விழுந்திருப்பது தென்சென்னையில் புதிதல்ல. சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இரண்டாவது முழுமைத் திட்டத்தில் (2008-ல் நடைமுறைக்கு வந்தது) அந்தப் புல எண் எந்த நிலப்பயன் மண்டலத்தில் வருகிறது என்பதும் இணையத்தில் பார்க்கக்கூடியதே. பள்ளிக்கரணை ஓரத்தில் இன்னொரு சிக்கல்: ராம்சர் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை புதிய கட்டட அனுமதி தருவதை 2025-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடுத்தது. அங்கே புது அடுக்ககம் பார்ப்பவர்கள் அனுமதித் தேதி என்ன, இப்போதைய நிலை என்ன என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்போது மழை. காடு இருக்கும் இடம் இங்கே பொதுவாக மேடு. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் முதல் சில மழையை மண் குடிக்கும். அதற்குப் பிறகு பாறைமேல் விழுந்த தண்ணீர் அப்படியே இறங்கும். நன்மங்கலம், கீழ்க்கட்டளை ஏரிகளின் உபரிநீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பைச் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அடைத்தாலும் அதற்கு மேலே இருக்கும் தெருவில் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை பட்ட பாடு இதனால்தான். மேற்கே அடையாற்றுப் பக்கம் முடிச்சூர், வரதராஜபுரம் 2015-ல் மூழ்கியதையும் மறக்க வேண்டாம். வண்டலூரிலிருந்து அதிக தூரமில்லை, ஆனால் நிலமட்டம் வேறு.

எனவே காட்டுக்கு எவ்வளவு பக்கம் என்பதைவிட, காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே எந்த இடம் என்பதைப் பாருங்கள். ஏரியின் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) எங்கே, அங்கிருந்து கால்வாய் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று நடந்து பார்த்துவிடலாம். ஒரு காலைப்பொழுது போதும். கால்வாய் திடீரென்று குறுகி ஒரு சிமென்ட் குழாய்க்குள் நுழைந்தால் அந்த இடத்துக்கு மேற்புறம் உள்ள வீடுகளை விட்டுவிடுங்கள். சுற்றுச்சுவரில் இரண்டடி உயரத்தில் பழுப்புக் கோடு இருக்கிறதா, சமீபத்தில் வெள்ளையடித்து மறைத்திருக்கிறார்களா, இஸ்திரிக்காரரும் பெட்டிக்கடைக்காரரும் என்ன சொல்கிறார்கள்: உரிமையாளர் சொல்வதைவிட இவை நம்பகம். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் வாசற்படி கீழே போன தனிவீடுகளும் ஏராளம். தரைத்தளம் சாலையிலிருந்து குறைந்தது இரண்டடியாவது மேலே இருக்கட்டும்.

மேலே இவ்வளவு தண்ணீர் ஓடும் இடத்தில் கீழே தண்ணீர் இருக்காது என்பது பலருக்கு ஆச்சரியம். வண்டலூர், பல்லாவரம், நன்மங்கலம் வட்டாரமெல்லாம் சார்னோகைட் என்னும் கடும்பாறை. போர் போட்டால் பாறை வெடிப்பில் பட்டால்தான் தண்ணீர். நூறடி தள்ளிப் போட்டால் வெறும் புழுதி. பக்கத்து வீட்டில் நல்ல ஊற்று என்பது உங்களுக்கு எந்த உத்தரவாதமும் தராது. கணக்கு இப்படிப் போடுங்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேர் வீட்டுக்கு 540. இருபது வீடு உள்ள அடுக்ககத்துக்கு 10,800. மே மாதத்தில் போர் வற்றினால் தினமும் ஒரு 12,000 லிட்டர் லாரி. அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா, தனியாகப் பங்கிடுகிறார்களா என்று சங்கத்திடம் கேட்டு, கடந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான லாரிக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில். போர்த் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்தம்) அளவைக் கையடக்கக் கருவியில் நீங்களே பாருங்கள்: இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீருக்கு ஏற்ற அளவு லிட்டருக்கு 500 மி.கி., வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. சதுப்பு நிலத்தை நெருங்க நெருங்க உப்பு ஏறும்; கீசரும் வாஷிங் மெஷினும் அதைச் சீக்கிரம் சொல்லிவிடும்.

கழிவுநீர் விஷயத்தில் கிண்டியைச் சுற்றியுள்ள பகுதிகள்தான் நிம்மதி, பாதாளச் சாக்கடை உண்டு. ஊராட்சிகளாகவே வளர்ந்த மேடவாக்கம், கோவிலம்பாக்கம், வண்டலூர் பக்கம் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி டேங்க் நிரம்பும். அந்த நேரம் பார்த்துக் கழிவுநீர் லாரிக்குக் கூட்டம். லாரி உள்ளே வந்து திரும்ப தெருவில் இடம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி, சுவர் ஏறி வருபவர்கள். கிண்டி, வண்டலூர் இரண்டு பக்கமும் குரங்கு உண்டு. சாதாரண நைலான் கொசுவலையை ஒரு இழுப்பில் கிழித்துவிடும். எவர்சில்வர் வலை போட்டால் தாங்கும். மாடித் தொட்டி மூடியைச் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். சூரிய வெந்நீருக்குக் கண்ணாடிக் குழாய் மாதிரி வேண்டாம், தட்டைப் பலகை மாதிரி வாங்குங்கள். யாராவது ஒரு வீட்டில் பழம் வைக்க ஆரம்பித்தால் தெருவே அனுபவிக்கும், அதனால் பக்தியைக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளும் தெருவாகப் பாருங்கள். மரநாய் ஃபால்ஸ் சீலிங்குக்குள் குடியேறிக் குட்டி போடும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும் முன் உள்ளே எதுவும் இல்லை என்று உறுதிசெய்யாவிட்டால் பிறகு நாற்றத்தில் வீட்டில் இருக்க முடியாது.

பாம்பு வருவது எலியைத் தேடி. எலி வருவது குப்பையையும் நாய்ச் சோற்றையும் தேடி. பார்ப்பவற்றில் பெரும்பாலானவை சாரை, தண்ணீர்ப் பாம்பு. கவனம் வேண்டியவை நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன். கட்டு விரியன் இரவில் வரும், கடித்த இடம் அவ்வளவாக வலிக்காது, தூக்கத்தில் தெரியாமலே போகலாம். ஆகவே காட்டோரத் தரைத்தளத்தில் பாய் விரித்துப் படுப்பது கூடாது. கட்டில், மெத்தைக்குக் கீழே செருகிய கொசுவலை, இரண்டும் போதும். கதவுக்கு அடியில் இடைவெளி இல்லாமல் ரப்பர் பட்டை, குளியலறை நீர் வெளியேறும் குழாயின் வெளிமுனையில் கம்பிவலை, சுற்றுச்சுவரை ஒட்டி மூன்றடிக்குச் செடி இல்லாத தரை. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் 108-ல் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு. வண்டலூர்ப் பக்கத்தவர்களுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு வழி. நெடுங்குன்றம், பெருங்களத்தூர் ஏரிகளில் முதலை இருப்பது கதையல்ல; மிக்ஜாம் மழையில் ஒன்று சாலையைக் கடந்ததை ஊரே பார்த்தது. ஏரியில் இறங்காதவருக்குத் தொல்லை இல்லை.

இவை எல்லாவற்றையும்விட அதிகச் செலவு வைப்பது கரையான். சுவருக்கு அந்தப் பக்கம் உளுத்த மரம் எப்போதும் இருக்கும். அஸ்திவாரத்தின்போதே மருந்து அடித்ததற்கான ரசீது கேளுங்கள். இல்லையென்றால் தரைக்கும் சுவருக்கும் சேரும் மூலையில் துளையிட்டு மருந்து செலுத்த வேண்டிவரும். தரைவரை ஒட்டிய பிளைவுட் அலமாரிகளைத் தவிருங்கள்.

போக்குவரத்தில் மூன்றும் மூன்று விதம். கிண்டி பக்கம் வாடகை எகிறும், பயண நேரம் மிச்சம். வண்டலூருக்குப் புறநகர் ரயில் உண்டு, ஆனால் தாம்பரத்தோடு திரும்பும் வண்டிகளே அதிகம். அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி எடுக்காமல் இருப்பதே மேல். நன்மங்கலத்துக்கு ரயில் கிடையாது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம் வழியாக வருகிறது. ஓடும்வரை அந்தச் சாலை தூசியும் தடுப்புமாகத்தான் இருக்கும்.

சுவரை ஒட்டிய முதல் வரிசை வீடுகளுக்குக் கூடுதல் விலை சொல்வார்கள். என் கணிப்பில் அது வீண்செலவு. குரங்கு, கரையான், கோடையில் புல் எரியும் புகை, மழையில் இறங்கும் தண்ணீர் எல்லாம் அந்த வரிசைக்குத்தான் முதலில். மூன்றாவது, நான்காவது தெருவில் குளிர்ச்சியும் பறவைச் சத்தமும் பெருமளவு அப்படியே கிடைக்கிறது, தெருவிளக்கும் ஆட்டோவும் கூடவே கிடைக்கின்றன. பெருமரங்கள் வீட்டுக் கூரைக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது. 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களில் வேர் ஆழமில்லாத அலங்கார மரங்கள் ஏராளம். கொன்றை, குல்மோகர் கிளை மின்கம்பியைத் தொடும் தெருவில் மின்தடைக்குத் தயாராக இருங்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தாலும் முதலில் வாடகைக்குப் போவதே சரி, பள்ளிச் சேர்க்கையை ஒட்டி ஜூனில். அந்த வருட மழைக்காலம் முடிந்து ஜனவரியில் பத்திரம் பேசலாம். மனை பார்க்க ஞாயிறு பகலில் கூட்டிப்போவார்கள்; நீங்கள் தனியாக ஒரு வேலைநாள் மாலை ஏழரைக்கும், நல்ல மழை விட்ட மறுநாள் காலையிலும் ஒருமுறை போய்வாருங்கள்.