லித்தியமா நாகமா? பற்றரி ஆராய்ச்சிக்குப் போற தங்கச்சிக்கு

போன கிழமை உப்புவெளிக்கு சித்தி வீட்ட போயிருக்கேக்க தங்கச்சி பிடிச்சு வச்சுக் கேட்டாள், "அண்ணா, எம்.பில். செய்ய ரெண்டு லெப்பில கூப்பிட்டிருக்கினம், ஒண்டு லித்தியம் அயன் பற்றரி, மற்றது நாக (ஸிங்க்) அயன் பற்றரி, எதை எடுக்கிறது?" தேத்தண்ணி ஆறுமட்டும் கதைச்சும் முடியேல்ல, அதான் எழுதிறன். முதல்லயே சொல்லிப்போடுறன், நான் லித்தியத்தில எட்டு மாசம் நிண்டிட்டு நாகத்துக்கு மாறி மூண்டு வருசம் செய்தவன், அதால நடுநிலையா எழுதுவன் எண்டு எதிர்பாக்காதேங்கோ.

லித்தியத்தின்ர பெருமை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஃபோனில இருந்து கார் வரைக்கும் அதுதான், 2019இல நோபல் பரிசும் குடுத்தாச்சு. அந்த மூண்டு பேரில ஒராள் குட்இனஃப், அவருக்கு அப்ப 97 வயசு, ஸ்ரொக்ஹோமில அவருக்குப் பதிலா நோபல் உரையை வாசிச்சது ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டுக் கிராமத்தில பிறந்து, மதுரையில படிச்சு, ஐ.ஐ.டி. மெட்ராஸில பி.எச்.டி. முடிச்சு, 1985இல ஒக்ஸ்ஃபோர்டில குட்இனஃபோட சேந்த ஆள். அந்த வீடியோவைப் பாத்துத்தான் நானும் லித்தியத்துக்குப் போனனான், பொய் சொல்லேல்ல.

லித்தியத்துக்கு இன்னொரு ஆசையும் இருக்கு, எங்கட நாட்டுச் சாமான். போகலைச் சுரங்கத்தில எடுக்கிற காரீயம் (கிராஃபைட்) நல்ல சுத்தமானது, அதை லித்தியம் பற்றரியின்ர அனோட்டுக்கு, அதாவது நெகட்டிவ் முனைக்குப் பாவிக்கலாம் எண்டு இலங்கையிலயே ஆக்கள் ஆராய்ச்சி செய்திருக்கினம். எங்கட திருகோணமலை மாவட்டத்தையே எடுங்கோ, புல்மோட்டை மணல்ல இல்மனைட் எண்ட கனிமம் கிடக்கு, அதில இருந்து டைட்டானியம் ஒக்சைட், அதில இருந்து லித்தியம் டைட்டனேட் எண்டு ஒரு அனோட் வரும். காரீயம் கிராமுக்கு 372 மில்லி அம்பியர் மணி மின்னேற்றம் பிடிக்கும், டைட்டனேட் 175தான், ஆனா சார்ஜ் ஏறி இறங்கேக்க வீங்கிச் சுருங்காது, அதால ஆயுள் கூட. கேக்க நல்லாத்தான் இருக்கும்.

ஆனா லெப்புக்குள்ள போனா எல்லாம் ஒரு பெட்டியில வந்து நிக்கும். க்ளவ் பொக்ஸ். லித்தியம் செல்லைக் காத்தில வச்சு மூடேலாது, ஆர்கன் நிரப்பின பெட்டிக்குள்ள ரப்பர் கையுறையால கையை விட்டுத்தான் செய்யோணும், உள்ளுக்குத் தண்ணியும் ஒக்சிசனும் பத்து லட்சத்தில ஒரு பங்குக்குக் கீழ நிக்கோணும். எலெக்ட்ரோலைட்டில (செல்லுக்குள்ள அயனைக் கடத்திற திரவம்) இருக்கிற ஃபுளோரின் உப்பில தண்ணி பட்டா ஐதரசன் ஃபுளோரைட் வரும், அது பற்றரியையும் அரிக்கும் உங்களையும் அரிக்கும். திருகோணமலையில சைக்கிள் செயின் உப்புக்காத்தில ஒரு மாரிக்குள்ள துருப்பிடிக்கிறதைப் பாத்து வளந்தவனுக்கு பத்து லட்சத்தில ஒரு பங்கு எண்டா சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு கனநாள் நிக்கேல்ல. ஆர்கன் சிலிண்டர் கொழும்பில இருந்து லொறியில வரோணும், வந்தாத்தான் வேலை. பெட்டிக்குள்ள ஒக்சிசனைப் பிடிக்கிற செம்பும் ஈரத்தைப் பிடிக்கிற மொலிக்கியூலர் சீவ் மணியளும் நிரம்பினா ஐதரசன் கலந்த வாயு விட்டு சூடாக்கித் திரும்பப் புதுப்பிக்கோணும், அதுக்கு ஒரு நாள் போகும். வக்யூம் பம்புக்கு ஒயில் மாத்தோணும், கையுறையில ஊசித்துவாரம் விழுந்தா முழுக்க மாத்தோணும். 2022 மார்ச் கடைசியில நாட்டில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, சென்சர் வாங்க டொலர் இல்லை. நான் இருந்த லெப்பில (பேர் வேண்டாம்) ஒரு திங்கள் காலமை வந்து பாக்க, பெட்டிக்குள்ள இருந்த லித்தியம் தகடு கறுத்துப்போச்சு. அதோட என்ர எட்டு மாசமும் போச்சு.

நாகத்துக்கு அந்தப் பெட்டியே தேவையில்லை. தண்ணியில நாக சல்பேட்டைக் கரைக்கிறது, ஒரு பக்கம் நாகத் தகடு, மற்றப் பக்கம் மங்கனீசு ஈரொக்சைட், நடுவில கண்ணாடி நார்த்தாள், கொயின் செல்லுக்குள்ள வச்சு மேசையிலயே அமத்திறது, மழை பெய்தாலும் பரவாயில்லை. ஓ.எல். சயன்ஸில டானியல் கலம் (நாகமும் செம்பும் வச்ச பழைய மின்கலம்) கீறினவைக்கு பாதி விளங்கிடும். இது திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ணுற நாக அயன் பற்றரியா 2012இல சீனாவில இருந்து ஒரு கட்டுரையில வந்தது, அதுக்குப் பிறகு இந்தப் பக்கம் கூட்டம்தான். மங்கனீசு கரைஞ்சு போறதுதான் தொல்லை, அதுக்கு எலெக்ட்ரோலைட்டிலயே கொஞ்சம் மங்கனீசு சல்பேட்டைப் போட்டு வைக்கிறது. செல் பழுதானா இன்னொண்டு செய்ய அரை மணித்தியாலம், அதால நான் ஒரு கிழமையில பிழை விட்ட அளவு லித்தியத்தில ஒரு மாசத்தில விடேல்ல. பிழை விட்டுத்தானே படிக்கிறது.

குறை இல்லையோ எண்டா இருக்கு. வோல்ட்டேஜ் 1.3 கிட்டத்தான், லித்தியத்தில 3.7. நாகம் முள்ளு முள்ளா வளந்து தாளைக் குத்தும், பக்கத்தில ஐதரசன் குமிழி. இன்னொரு விசயம், நாகக்காரர் கன பேர் செல்லை வேகமா சார்ஜ் ஏத்தி இறக்கித்தான் ஆயிரம் தரம் ஓடினது எண்டு எழுதுறம், ஆறுதலா ஓட்டினா எத்தினை நிக்கும் எண்டு பாத்தாத்தான் உண்மை தெரியும். நானும் அதைச் செய்தவன், கரண்ட் போறதுக்கிடையில முடிக்கோணுமே. பத்து மணித்தியாலம் ஏத்தி பத்து மணித்தியாலம் இறக்கினா நூறு தரத்துக்கு 83 நாள், இடையில ஒருக்கா கரண்ட் போனா அந்தத் தரவு சந்தேகம்தான்.

அப்ப வேலை? இங்கதான் எனக்கு அனுபவம் காணாது, நான் ஃபெக்ரறியில வேலை செய்யேல்ல. லித்தியம் தெரிஞ்சவைக்கு வெளியில கேள்வி கூட எண்டுறது உண்மைதான். ஆனா பொடியை பைண்டரோட (பசை) குழைச்சு தகட்டில பூசுறது, எக்ஸ்ரே பாக்கிறது, இம்பீடன்ஸ் (செல்லுக்குள்ள மின்தடை) எடுக்கிறது எல்லாம் ரெண்டுக்கும் ஒண்டுதான், நாகத்தில கை பழகினவருக்கு க்ளவ் பொக்ஸ் பழக ஒண்டு ரெண்டு மாசம் காணும் எண்டு நினைக்கிறன். வெளிநாட்டு ஸ்கொலர்ஷிப் கையில இருந்தா கண்ணை மூடிக்கொண்டு லித்தியம் எடு எண்டிருப்பன், அங்க பெட்டியைப் பாக்க வேற ஆள் இருக்கும்.

தங்கச்சி ரெண்டு கிழமைக்குள்ள பதில் சொல்லோணுமாம். நேர போய் அந்த லித்தியம் லெப்பில கடைசி ஆர்கன் சிலிண்டர் எப்ப வந்தது எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வா எண்டு சொல்லி விட்டிருக்கிறன்.